துலாக்கவண்

1304ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டைக்குள் அடைபட்டிருந்த சிறு படை, இனித் தாங்காது என்ற நிலையில் சரணடைய முன்வந்தபோது, முற்றுகையிட்டிருந்த இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு அந்தச் சரணாகதியை உடனே ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டான். ஐந்து தலைமைத் தச்சர்களும் நாற்பத்தொன்பது வேலையாட்களும் மாதக்கணக்கில் செதுக்கி இழைத்துக் கூட்டிய ஒரு மாபெரும் யந்திரம் அப்போதுதான் முடிவடைந்திருந்தது. 'போர் ஓநாய்' என்று பெயர் சூட்டப்பெற்ற அந்த யந்திரம் ஒரு கல்லையேனும் மதிலின்மேல் எறிவதைக் காணாமல் போரை முடித்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. முற்றுகைக்கு வேண்டிய பாரத்துக்காகச் சுற்றுவட்டாரத்துத் தேவாலயங்களின் கூரைகளிலிருந்து ஈயத் தகடுகள் உரித்துக் கொண்டுவரப்பட்டன. அரசியும் அவள் தோழியரும் அமர்ந்து முற்றுகையைப் பார்ப்பதற்கென்றே நகரத்து வீடொன்றில் புதிதாக ஒரு சாளரம் அமைக்கப்பட்டது. ஓநாய் தன் வேலையைச் செய்து முடித்த பின்னரே உள்ளே இருந்தவர்கள் வெளியே வர அனுமதி பெற்றனர்.

வெற்றி கைக்கு வந்த பின்னும் யந்திரம் எறிவதைக் கண்ணாரக் காண வேண்டும் என்ற அந்த வேட்கையில், மதிலுக்குள் இருந்த மனிதர்களின் உயிர் துரும்பாக மதிக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கூசுகிறது. ஆயினும் அதே வேட்கை, இரத்தக் கறை முழுதும் கழுவப்பட்டு, ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க நாட்டின் டெலவேர் மாநிலத்தில், அறுவடை முடிந்த வயல்களில், பெண்டு பிள்ளைகளோடு வந்து கூடிய பல்லாயிரம் மக்களின் நடுவே மறுபிறவி எடுத்தது. அங்கே மதில் இல்லை, பகைவர் இல்லை, கல்லின் இடத்தில் பரங்கிக்காய். இடைப்பட்ட காலத்தில் அந்த யந்திரத்துக்கு நேர்ந்தது என்ன, அதைப் பற்றி உலகம் மறந்தது எது, மறந்ததை மீட்டவர்கள் யார் என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மேனாட்டார் அதனை 'டிரெபுஷே' என்பர். நம் மொழியில் அதற்கென ஒரு பெயர் வழங்கவில்லையாயினும், அதன் இரண்டு அங்கங்களும் நமக்கு நெடுநாள் உறவு பூண்டவை. கிணற்றங்கரையில் ஏற்றம் இறைத்ததைக் கண்டவர்களுக்குத் துலாவைத் தெரியும்: நட்ட கால்களின்மேல் குறுக்கே கிடக்கும் நெடுமரம், ஒரு முனை தாழ, மறுமுனை எழும். தினைப்புனத்தில் கிளி கடிந்த குறமகள் கையில் இருந்த கவணையும் நாம் அறிவோம்: இரண்டு கயிறு, நடுவே கல் வைக்கும் தொட்டில், ஒரு கயிற்றின் நுனி விரலில் மாட்டியிருக்க, சுழன்ற வேகத்தில் மற்றதை நழுவவிட்டால் கல் பறக்கும். மதுரை மதிலின்மேல் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை வரிசைப்படுத்தும்போது, கல்லெறியும் கவணும் அவற்றுள் ஒன்றாக இடம்பெறுகிறது. இனி, துலாவின் நெடுமுனையில் கவணைக் கட்டி, குறுமுனையில் மண்ணோ கல்லோ ஈயமோ நிரப்பிய பல டன் பெட்டியைத் தொங்கவிட்டு, நெடுமுனையைத் தரைவரை இழுத்துப் பூட்டி, பிறகு பூட்டைத் தட்டிவிட்டால் என்ன நிகழுமோ, அதுவே டிரெபுஷே. ஆகையால் துலாக்கவண் என்று அதற்குப் பெயரிட்டுக்கொள்கிறேன்.

தொடக்கத்தில் இந்தத் துலாவின் குறுமுனையில் பாரப்பெட்டி இல்லை, கயிறுகள் தொங்கின, அவற்றை மனிதர் பற்றி இழுத்தனர். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டளவில், சீனத்தில் மோசி என்னும் ஞானியின் வழிவந்தோர் நகரக் காப்பைப் பற்றி எழுதிவைத்த ஏடுகளில் இதன் ஆதி வடிவம் காணப்படுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்த அந்தக் கலை, ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் தெசலோனிக்கா நகரை அவார்கள் முற்றுகையிட்டபோது ஐரோப்பியர் கண்ணில் பட்டது. அந்நகரத்துத் தலைமைக் குரு யோவான், கண்ட காட்சியை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிந்து நாட்டுத் தேபல் துறைமுகத்தை முகம்மது பின் காசிம் தாக்கியபோது, 'மணமகள்' என்று பொருள்படும் 'அல் அரூஸ்' என்ற யந்திரத்தை இழுக்க ஐந்நூறு பேர் வேண்டியிருந்ததாக அரபுச் சரித்திராசிரியர் அல் பலாதுரி கூறுகிறார்.

ஐந்நூறு பேர் கூடி இழுத்தால் வலிமை உண்டு; ஒழுங்கு உண்டாவது அரிது. காலையில் இழுத்த வேகம் மாலையில் இராது. ஒருவன் இமைப்பொழுது முந்தினாலும், ஒருவன் கால் வழுக்கினாலும், முன் எறிந்த கல் விழுந்த இடத்தில் அடுத்த கல் விழாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில், மனிதரின் இடத்தில் பாரப்பெட்டி வந்து அமர்ந்தபோது மாறியது வலிமையின் அளவு மட்டுமன்று. பாரத்துக்குக் களைப்பில்லை, கோபமில்லை, அச்சமில்லை. அதே உயரத்திலிருந்து ஆயிரம் முறை விழுந்தாலும் அதே விசையோடு விழும். ஆகவே ஒரு கல் எங்கே விழுந்தது என்பதைப் பார்த்து யந்திரத்தில் சிறு மாற்றம் செய்யவும், அந்த மாற்றத்தின் பலன் அடுத்த கல்லில் தெரியவும் முதன்முறையாக வழி பிறந்தது. இந்த யந்திரத்தின் சரித்திரத்தில் இதைவிட முக்கியமான நிகழ்ச்சி வேறில்லை என்பது என் துணிபு. 1187ஆம் ஆண்டளவில் சலாவுதீன் சுல்தானுக்காக அல் தர்சூசி என்ற அறிஞர் இயற்றிய போர்க்கருவி நூலிலேயே பாரப்பெட்டி பூண்ட துலாவின் விவரம் வந்துவிடுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் ஆக்ரே நகர முற்றுகையில் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்பு நிறுத்திய யந்திரத்துக்குப் படைவீரர் 'பொல்லாத அயலான்' என்று பெயரிட்டு வழங்கினர்.

இந்த வித்தை ஏட்டின் வழியே பரவவில்லை, ஆளின் வழியே பரவியது என்பதற்கு ஒரு சான்று சீனத்திலேயே உண்டு. தாங்கள் பெற்றெடுத்த கலை மேற்கே சென்று வளர்ந்து பாரப்பெட்டியோடு திரும்பி வந்ததைச் சீனர் கண்டது, மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானின் படைகள் சியாங்யாங் நகரை ஐந்தாண்டுக்கு மேல் வளைத்துக் கிடந்தபோதுதான். அந்த நகரமும் ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த ஃபான்செங்கும் எதற்கும் மசியாமற்போகவே, குப்ளாய் தன் உறவினனான பாரசீக மன்னனிடம் ஆள் கேட்டனுப்பினான். இஸ்மாயில், அலாவுதீன் என்ற இரண்டு பொறியாளர்கள் வந்து துலாக்கவண்களை நிறுத்திய பிறகு, 1273ஆம் ஆண்டில் இரண்டு நகரங்களும் வீழ்ந்தன. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவின் நூல் இந்தப் புகழைப் போலோ குடும்பத்துக்கே உரியதாகச் சொல்லுகிறது. ஆனால் அவர் அந்நாட்டை அடைந்ததே நகரம் வீழ்ந்த பிறகுதான். அப்புகழ் முழுதும் இரண்டு பொறியாளருக்கே உரியது. அத்தனை பெரிய சாம்ராஜ்யம், தன்னிடம் மரத்துக்கும் தச்சருக்கும் குறைவில்லாதிருந்தும், இரண்டு மனிதரின் கைப்பழக்கத்துக்காகப் பல்லாயிரம் மைல் ஆளனுப்பிக் காத்திருந்தது.

அந்தக் கைப்பழக்கம் எதைப் பற்றியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துலாவின் அச்சுக்கு இப்பால் ஒரு பங்கும் அப்பால் நான்கு அல்லது ஐந்து பங்குமாக மரம் பிரிந்திருக்க வேண்டும். எறிபொருளைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு எடை பெட்டியில் இருப்பது நலம். கவண்கயிற்றின் நீளம் நெடுமுனையின் நீளத்தை ஒட்டியிருக்கலாம். இவை யாவும் எழுதி வைக்கக்கூடியவை. எழுதி வைக்கவும் பட்டன. எழுத்தில் அகப்படாதது, துலாவின் நெடுமுனை நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாண் இரும்பு முளை. கவணின் ஒரு கயிறு துலாவோடு நிலையாகக் கட்டப்பட்டிருக்க, மற்றக் கயிற்றின் வளையம் இந்த முளையில் சும்மா மாட்டியிருக்கும். கயிற்றை நழுவவிடும் குறமகளின் விரலுக்கு உள்ள வேலையே இந்த முளைக்கும். துலா எழும்போது கவண் அதன் பின்னே சாட்டைபோல் சுழன்று வந்து முந்தப் பார்க்கும் வேளையில், வளையம் முளையிலிருந்து வழுக்கிக் கழலும். அந்தக் கணத்தில் கல் எந்தத் திக்கை நோக்கி விரைகிறதோ, அதுவே அதன் போக்கு. முளை நேராக இருந்தால் வளையம் சீக்கிரம் கழன்று, கல் வானத்தை நோக்கிச் செல்லும். மிகவும் நேராக இருந்தால் பின்புறமாகவே செல்லும். முளை முன்னோக்கி அதிகம் வளைந்திருந்தாலோ வளையம் தாமதித்துக் கழன்று, கல் யந்திரத்தின் எதிரிலேயே தரையில் மோதும். இரண்டுக்கும் நடுவே, கல் அடிவானத்துக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் புறப்படும் ஒரே ஒரு வளைவு உண்டு. கயிற்றைச் சில விரற்கடை நீட்டினாலும், மழையில் நனைந்து கயிறு இழுபட்டாலும், கல்லின் எடை மாறினாலும், அந்த வளைவும் மாறிவிடும்.

இதைப் பொருத்தமுறச் செய்வதைப் பொறியாளர், வாத்தியத்துக்குச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லாலேயே குறிப்பர். சுருதி கூடிய துலாக்கவணைக் கண்ணாலேயே அறியலாம். கல் கழலும் அந்த இமைப்பொழுதில் துலா நிமிர்ந்து, பாரப்பெட்டி தன் தாழ்ந்த நிலையில் வந்து, இரண்டும் மூச்சுப் பிடித்தாற்போல அசைவற்று நிற்கும். பாரத்தில் இருந்த ஆற்றலில் பெரும்பகுதி கல்லோடு போய்விட்டது. கல் போன பிறகும் பெட்டி முன்னும் பின்னும் ஊசலாடிச் சட்டத்தை உலுக்கினால், கல்லுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று பொருள். மழுங்கலாக எழும் ஓசையும் அதிரும் மரமும் அநுபவமுள்ள தச்சனுக்கு எங்கே பிழை என்று சொல்லிவிடும். இதை எந்த நூல் எழுதும்?

எழுதப் புகுந்தவர்கள் இல்லாமலில்லை. ரோமாபுரி கைல்ஸ் என்ற துறவி 1280ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு இளவரசனுக்கு இயற்றிய அரசியல் நூலில், இந்த யந்திரங்களைப் பாரத்தின் வகையால் பிரித்து, துலாவோடு அசையாமல் பிணைத்த பாரம் குறி தவறாது என்றும், தொங்கி ஆடும் பாரம் தூரம் எறியும் என்றும், இரண்டையும் கலந்தது இடைப்பட்டது என்றும், மனிதர் இழுப்பது சிறு கல்லையே எறியுமாயினும் விரைவில் மீண்டும் எறியும் என்றும் தெளிவுபடக் கூறியிருக்கிறார். அதே நூற்றாண்டில் வில்லார் த ஒன்னெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் தம் சித்திரச் சுவடியில் ஒரு பெரிய துலாக்கவணின் அடிச்சட்டத்தை அளவோடு வரைந்து, நிமிர்ந்த தோற்றத்தை வேறோர் ஏட்டில் காட்டியிருந்தார். விதியின் செயலைப் பாருங்கள்: தரையோடு கிடக்கும் அடிச்சட்டம் வரைந்த ஏடு இன்றுவரை இருக்கிறது, துலாவும் கவணும் இருந்த ஏடு காணாமற்போய்விட்டது.

வெடிமருந்தும் பீரங்கியும் வந்து பரவப் பரவ, துலாக்கவண் கட்டிய தச்சர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த வித்தை எவ்வளவு தூரம் மறைந்துவிட்டது என்பதை 1521ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் காண்கிறோம். அஸ்தெக்கரின் தலைநகரை முற்றுகையிட்ட எர்னான் கோர்ட்டேசிடம் வெடிமருந்து குறைந்துபோகவே, இத்தாலியப் போர்களில் இருந்து வந்த ஒரு வீரன் துலாக்கவண் கட்டித் தருவதாக முன்வந்தான். பல நாள் பாடுபட்டுக் கட்டினார்கள், கல்லை வைத்தார்கள், அது நேரே மேலே எழும்பி, வைத்த இடத்திலேயே வந்து விழுந்தது என்று உடனிருந்த பெர்னால் தியாஸ் எழுதுகிறார். கோர்ட்டேஸ் சினந்து அதைக் கலைத்துவிடச் சொன்னான். அந்த அறிவற்ற போருக்கு ஓர் ஆயுதம் குறைந்ததில் எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை. ஆனால் அந்தக் கல்லின் போக்கைப் படிக்கும்போதெல்லாம், வளையம் முன்கூட்டியே கழன்றுவிட்டது, முளை போதிய அளவு வளைந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது. சுத்தியல் எடுத்து நான்கு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அங்கிருந்தவர் எவரும் அறிந்திருக்கவில்லை.

இன்னும் மூன்று நூற்றாண்டு கழித்து, 1850ஆம் ஆண்டில், பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரோடு பேரரசன் ஆனவரும், அப்போது பிரெஞ்சுக் குடியரசின் தலைவராயிருந்தவருமான லூயி நெப்போலியன், பீரங்கியின் சரித்திரத்தை ஆராயும் ஆர்வத்தால் வென்சேன் நகரில் ஒரு துலாக்கவண் கட்டச் செய்தார்; ஃபவே என்ற படைத்தலைவர் அந்தப் பணியை நடத்தினார். 10.3 மீட்டர் நீளத் துலா. 4,500 கிலோ பாரம். அது 24 பவுண்டு பீரங்கிக் குண்டை 175 மீட்டர் எறிந்தது. இந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். பாரத்தின் எடையை எறிபொருளின் எடையால் வகுத்து, பாரம் இறங்கும் உயரத்தால் பெருக்கி, இரட்டித்தால், ஆற்றல் அணுவளவும் வீணாகாத யந்திரம் எறியக்கூடிய எல்லைத் தூரம் கிடைக்கும். குண்டின் எடை ஏறக்குறைய 12 கிலோ. பாரம் 2 மீட்டரே இறங்கியது என்று குறைத்து மதித்தாலும் எல்லை 1,500 மீட்டராகிறது. அரசாங்கத்தின் பொருளும், படையின் ஆட்களும், கணித அறிவும் கூடி அதில் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 1989ஆம் ஆண்டில் டென்மார்க்கின் நிக்கோபிங் நகரத்து அருங்காட்சியகத்தார், பழைய முறையில் மரத்தாலேயே ஒன்றைக் கட்டி, பொறுமையோடு மீண்டும் மீண்டும் எறிந்து திருத்தியபோது, 2 டன் பாரத்தைக் கொண்டே 15 கிலோ எடையை 180 மீட்டர் எறிந்தது. குண்டுகள் ஆறு மீட்டர்ச் சதுரத்துக்குள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன. பாதிக்கும் குறைந்த பாரம், அதிக எடை, அதே தூரம். வென்சேனில் குறைவாக இருந்தது மரமும் பாரமும் அல்ல என்பது இதனால் விளங்கும்.

டென்மார்க்கில் நடந்தது அறிஞர் வேலை. விளையாட்டாக இதை மீட்டவர்களின் கதை வேறு. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் கோட்டத்து நிலக்கிழார் ஹியூ கென்னடி, தம் நிலத்தில் நான்கு மாடி உயரத் துலாக்கவண் ஒன்றை நிறுத்தி, பழுதான பியானோக்களையும் பழைய மோட்டார் வண்டிகளையும் எறிந்து பார்த்தார். செய்தித்தாள்கள் அதை உலகெங்கும் பரப்ப, கடல் கடந்து அமெரிக்காவில் பலர் மரம் அறுக்கத் தொடங்கினர். 1998ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிக்கரையில் தச்சர்களும் பொறியியல் ஆசிரியர்களும் கூடி இரண்டு பெரிய துலாக்கவண்களைக் கட்டினார்கள். பழைய சித்திரங்களில் சில யந்திரங்களுக்குச் சக்கரம் இருப்பதன் காரணமும் இத்தகைய சோதனைகளில் புலனாயிற்று: இடம் பெயர்ப்பதற்கு மட்டுமே அவை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பாரம் வளைந்து இறங்கும்போது, சக்கரத்தின்மேல் நிற்கும் சட்டம் முன்னும் பின்னும் உருண்டு இடங்கொடுக்கிறது. பாரம் ஏறக்குறைய நேராகவே விழுகிறது. அதிர்ச்சி குறைந்து தூரம் கூடுகிறது.

ஆனால் டெலவேர் வயல்களுக்குத்தான் நான் முதலிடம் தருவேன். 1986ஆம் ஆண்டில் லூவிஸ் என்ற சிற்றூரை அடுத்து, கொல்லுப் பட்டறைப் பேச்சில் எழுந்த ஒரு பந்தயம் அது. யார் பரங்கிக்காயை அதிக தூரம் எறிவது? முதலாண்டில் வென்றவர் எறிந்த தூரம் 200 அடியைக்கூட எட்டவில்லை. 'பங்கின் சங்கின்' என்று பெயர் பெற்ற அந்தப் பந்தயம் ஆண்டுதோறும், அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகை கழிந்து, விளக்கு வைத்த பரங்கிக்காய்களுக்கு வேலை தீர்ந்த வாரத்தில் நடைபெற்றது. விதிகள் எளியவை: காயின் எடை 8 முதல் 10 பவுண்டு; வெடிமருந்து கூடாது; யந்திரத்தை விட்டுப் புறப்படும்போது காய் முழுதாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது விதியில்தான் வித்தை முழுதும் அடங்கியிருக்கிறது. வேகத்தை ஏற்ற ஏற்றக் காய் கவணிலேயே நசுங்கும். நசுங்கி வானத்தில் சிதறினால் அந்த எறிவு கணக்கில்லை. ஆகையால் தோல் தடித்த வெள்ளைப் பரங்கி வகைகளைத் தேடித் தேடிப் பயிரிடுவாரும் உண்டாயினர். கோட்டை மதிலை உடைப்பதற்குப் பிறந்த யந்திரம், தான் ஏந்தியதை உடைக்காமல் அனுப்பக் கற்க வேண்டியதாயிற்று.

பந்தயம் வளர்ந்தபின் காற்றழுத்தக் குழாய்கள் வந்து துலாக்கவணைத் தூரத்தில் மிஞ்சிவிட்டன. 2010ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தில் அத்தகைய குழாய் ஒன்று 5,545 அடி எறிந்தது. அவற்றின் சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் நீண்ட குழாயின் வாயில் ஒரு வெடிப்பொலி கேட்கிறது, காய் மறைகிறது, அவ்வளவே. துலாக்கவணில் யாவும் கண்முன் நடக்கின்றன. பாரம் விழுகிறது, துலா எழுகிறது, கவண் தரையைத் தடவிச் சென்று மேலே சுழல்கிறது. பிழையும் வெற்றியும் பார்ப்பவர் எல்லாருக்கும் பொதுச் சொத்து. அதனாலேதான் விவசாயிகளும், பற்றவைப்புத் தொழிலாளரும், பள்ளி மாணவரும் அதைத் தம் வீட்டுப் பின்புறத்தில் கட்டத் துணிந்தார்கள். சிலர் அச்சையே நிலையாக வைக்காமல், பாரம் செங்குத்தான தடத்தில் நேரே விழ, துலாவின் அச்சு கிடைத்தடத்தில் உருண்டோடும்படி அமைத்து, இடைக்காலத் தச்சர் கனவிலும் காணாத புதிய வகையைப் படைத்தனர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கிரீன்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு பண்ணையில் பிறந்த 'யாங்க்கி சீஜ்' என்ற துலாக்கவணும் அதன் தம்பியும் பலமுறை வெற்றி வாகை சூடின. தம்பி 2013ஆம் ஆண்டில் எறிந்த தூரம் 2,835 அடி, அதாவது 864 மீட்டர். எஃகும் பால் பேரிங்கும் துணை நின்றன என்பது உண்மையே.

அந்த ஆண்டுக்குப் பின் பந்தயத்துக்குச் சோதனைக் காலம். காப்பீடு கிடைக்காமல் இடையில் நின்றது, 2016இல் மீண்டும் கூடியபோது ஒரு காற்றழுத்தக் குழாயின் பாகம் சிதறி ஒருவர் படுகாயமுற்றார், வழக்கும் வந்தது. 2019ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ராண்டூல் ஊரில் பழைய விமானத் தளத்தில் நடந்தது. விளையாட்டே ஆயினும் பல டன் பாரத்தோடு விளையாடுவோர் பார்ப்பவரைத் தூர நிறுத்தத் தவறலாகாது.

டெலவேரில் பந்தயம் நடந்த காலத்தில் ஒரு யந்திரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே எறிவு. மூன்று நாளில் மூன்று. அவற்றுள் சிறந்ததே கணக்கு. அந்த விதியை ஏற்படுத்தியவர்கள் நேரத்தை நினைத்துத்தான் ஏற்படுத்தியிருப்பார்கள். ஆனால் அதன் பயனாக ஒவ்வோர் எறிவுக்கும் பின்னே ஓர் இரவு முழுதும் யோசிக்கக் கிடைத்தது. காய் உயர எழுந்து அருகில் விழுந்ததா, தாழப் பறந்து வயலில் உருண்டதா, பெட்டி எத்தனை முறை ஊசலாடியது, நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று வண்டியின் விளக்கொளியில் குளிரில் நின்று பேசுவார்கள். கயிற்றில் இரண்டு விரற்கடை குறைப்பதா கூட்டுவதா என்று வாதம் நடக்கும். பிறகு துலாவை மெல்ல இறக்கி, நுனி முளையைக் கையால் தடவிப் பார்த்து, சுத்தியலை எடுப்பார்கள்.